கருப்புத் திரை புரோகிராமில் கோளாறு: எந்தக் கருவியை முதலில் எடுப்பது?

வடசென்னையில் மொத்த வியாபாரம் நடக்கிற இடங்களில் கருப்புத் திரை பில்லிங்கை இன்னும் பார்க்கலாம். மவுஸ் வேண்டாம், பழைய கணினியே போதும், ஈரக் கையோடு எண் விசைகளைத் தட்டிக்கொண்டே போகலாம். காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரி ஒருவருக்கு நாங்கள் பராமரிக்கும் கணக்கு புரோகிராமும் அந்த ரகம்தான். சி மொழி, எழுத்துத் திரையை வரைந்து தரும் என்கர்சஸ் லைப்ரரி, உபுண்டு லினக்ஸ். கடையில் ஒரு திரை. திருவொற்றியூரில் இருக்கும் அவருடைய அலுவலகத்தில் விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து, தூரத்திலிருந்தே இணைய உதவும் புட்டி மென்பொருள் வழியாக இன்னொரு திரை.

இப்படிப்பட்ட புரோகிராமில் கோளாறு வந்தால் வழக்கமான வைத்தியம் பலிக்காது. சாதாரணமாக என்ன செய்வோம்? சந்தேகப்படும் இடத்தில், திரையில் செய்தி எழுதும் பிரிண்ட்எஃப் வரிகள் நாலு போட்டு ஓட்டிப் பார்ப்போம். இங்கே அந்த நாலு வரியும் பில் திரையின் மேலேயே போய் விழும். விழுந்தது லைப்ரரிக்குத் தெரியாது. திரை தான் வரைந்தபடியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த மாற்றத்தை அனுப்பும். ஏற்கெனவே இருந்த கோளாறோடு நாம் உண்டாக்கியதும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் வெளியிலிருந்து பார்க்கும் வழிகள் வேண்டும். ஐந்து இருக்கின்றன: சொந்த லாக் ஃபைல், ஜிடிபி, எஸ்ட்ரேஸ், ஸ்கிரிப்ட் கட்டளை, அப்புறம் என்கர்சஸுக்குள்ளேயே இருக்கும் ட்ரேஸ் வசதி. பலர் தமக்குப் பழகிய ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் தேடுவார்கள். நான் வேறு மாதிரி தேர்ந்தெடுக்கிறேன். பில் திரை நம் கண்ணுக்கு வரும் வழியில் மூன்று கைகள் இருக்கின்றன: நாம் எழுதிய புரோகிராம், நடுவில் லைப்ரரி, கடைசியில் டெர்மினல், அதாவது வந்த எழுத்துகளைக் காட்டும் ஜன்னல். ஒவ்வொரு கருவியும் இந்த வழியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்க்கிறது. கோளாறு எந்தக் கையில் என்று முதலில் ஊகித்து, அதற்குப் பக்கத்தில் நிற்கும் கருவியை எடுத்தால் நேரம் மிச்சம்.

நடுவில் இருக்கும் லைப்ரரி என்ன செய்கிறது என்பது புரிந்தால்தான் மற்றது புரியும். என்கர்சஸுக்கு முன்னோடியான கர்சஸை முதலில் பெர்க்லியில் எழுதியவர் கென் அர்னால்ட். டெர்மினல் இணைப்புகள் மெதுவாக இருந்த காலம் அது. எழுத்து எழுத்தாகத் திரை நிரம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே லைப்ரரி இரண்டு திரைகளைத் தன் நினைவில் வைத்திருக்கும்: இப்போது இருப்பது ஒன்று, இனி இருக்க வேண்டியது ஒன்று. ரிஃப்ரெஷ் என்று சொன்னதும் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும், முடிந்தவரை குறைந்த எழுத்துகளில் அனுப்பும். இன்று தாமஸ் டிக்கி பராமரிக்கும் என்கர்சஸும் இதையேதான் செய்கிறது. வேகத்துக்காக வைத்த இந்தச் சிக்கனம்தான் கோளாறு தேடும்போது நம்மைச் சுற்றவிடுகிறது. நாம் எழுதச் சொன்னது ஒன்று, கம்பியில் போவது வேறு ஒன்று.

எங்களுக்கு வந்த புகார்கள் நான்கு. மீன் பெயரைத் தமிழில் போட ஆரம்பித்த பிறகு விலைப் பத்தி நேராக நிற்கவில்லை. திருவொற்றியூர் திரையில் எஃப்2 வேலை செய்யவில்லை. அதே திரையில் கட்டக் கோடுகளுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள். மாதக் கணக்கு எடுக்கும்போது சில நாள் புரோகிராமே விழுந்துவிடுகிறது. நான்குக்கும் ஒரே கருவி என்று போயிருந்தால் இரண்டில் மாட்டிக்கொண்டிருப்போம்.

லாக் ஃபைல்

செலவில்லாதது, எல்லா இடத்திலும் ஓடும், கடைக்காரர் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். பிழைச் செய்திகள் போகும் ஓடையில் எழுதிவிட்டு, ஓட்டும்போது 2> என்று ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் போதும். இன்னொரு ஜன்னலில் டெய்ல் கட்டளையை வைத்து வரிகள் வர வரப் பார்க்கலாம். தனிக் கோப்பைத் திறந்து எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கோப்புக்குப் போகும் எழுத்துகள் நினைவகத்தில் சேர்ந்து நின்றுதான் மொத்தமாகப் போகும். புரோகிராம் விழுந்தால் நமக்கு வேண்டிய கடைசி வரிகள்தான் காணாமல் போகும். சேர்ந்து நிற்பதை உடனே எழுதவைக்கும் எஃப்ஃப்ளஷை ஒவ்வொரு வரிக்கும் செய்யுங்கள், இல்லை என்றால் வரி முடிந்ததும் எழுதும்படி மாற்றி வையுங்கள். பிழை ஓடைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

விலைப் பத்தி கோணலாக நின்றதற்கான பாதிக் காரணம் லாக் ஃபைலிலேயே கிடைத்தது. பெயருக்கு 20 இடம் ஒதுக்க, சி மொழியில் வழக்கமாகப் போடும் "இருபது அகலத்துக்கு இடது பக்கம் ஒட்டி எழுது" என்ற வடிவம்தான் அங்கேயும் இருந்தது. அது பைட்டுகளை எண்ணும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். வஞ்சிரம் என்ற பெயரில் மெய்ப்புள்ளிகளையும் இகரக் குறியையும் தனித்தனியாகச் சேர்த்தால் எட்டு குறியீடுகள், ஆக 24 பைட். இருபதைத் தாண்டிவிட்டதால் ஓர் இடைவெளிகூடச் சேராது. சீலா நான்கு குறியீடு, 12 பைட். அதற்கு எட்டு இடைவெளி. மத்தி 15 பைட், ஐந்து இடைவெளி. திரையில் இவை பிடிக்கும் இடமோ வேறு கணக்கு. குளிப்சி என்று அழைக்கப்படும் லினக்ஸின் அடிப்படை லைப்ரரி, மெய்ப்புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் சுழியம் அகலம் தருகிறது. இகரம், ஆகாரம், ஒற்றைக்கொம்பு போன்றவற்றுக்கு ஒரு கட்டம். அந்தக் கணக்குப்படி வஞ்சிரம் 6 கட்டம், சீலா 3, மத்தி 4. ஆகவே வஞ்சிரத்தின் விலை 6 கட்டம் தாண்டியதும் வந்துவிடும், மத்தியின் விலை 9 தாண்டி, சீலாவின் விலை 11 தாண்டி. பெயரையும் பைட் எண்ணிக்கையையும் லாக்கில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தாலே விஷயம் பளிச்சென்று தெரியும். பெயரை அகல எழுத்து வடிவத்துக்கு மாற்றி, டபிள்யூசிஎஸ்விட்த் சொல்லும் அகலத்தை 20-இலிருந்து கழித்து இடைவெளி சேர்த்தோம். பெரும்பாலான வரிகள் நேரானது. எல்லாம் அல்ல, அதைக் கீழே சொல்கிறேன்.

லாக் ஃபைலின் எல்லை இதுதான்: நாம் சொன்னது மட்டுமே அதில் இருக்கும். லைப்ரரி அதை என்னவாக மாற்றியது என்று அதற்குத் தெரியாது.

ஜிடிபி

புரோகிராம் விழுகிறது அல்லது உறைந்து நிற்கிறது என்றால் யோசிக்காமல் இதற்குப் போங்கள். விழுந்த இடம், அப்போது மாறிகளில் இருந்த மதிப்பு எல்லாம் கையில் கிடைக்கும். ஒரே டெர்மினலில் ஜிடிபியும் என்கர்சஸும் சண்டை போடும் என்பதுதான் பிரச்சினை. இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, இரண்டாவது ஜன்னலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமோடு ஒட்டிக்கொள்வது. உபுண்டுவில் சாதாரணப் பயனருக்கு இது அனுமதிக்கப்படாது. யாமா என்ற பாதுகாப்பு அமைப்பு, தான் பெற்ற பிள்ளை அல்லாத புரோகிராமோடு ஒட்டுவதைத் தடுக்கும். சுடோ போட்டு நிர்வாகி அனுமதியோடு ஓட்ட வேண்டும். இரண்டாவது வழி, ஜிடிபியிடம் "திரை அந்த ஜன்னலில் போகட்டும்" என்று டிடிஒய் கட்டளையில் சொல்லிவிடுவது. அந்த ஜன்னலில் நீண்ட நேர ஸ்லீப் ஒன்றை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் ஷெல்லும் நம் புரோகிராமும் விசைகளைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும்.

மாதக் கணக்குக் கோளாறுக்கு நாங்கள் இரண்டும் செய்யவில்லை. கடைத் திரையை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கும் நேரத்தில் பில்லிங் நின்றால் நம்மைத்தான் ஏலம் விடுவார்கள். புரோகிராம் விழும் நேரத்து நினைவகத்தை அப்படியே பிடித்து வைக்கும் கோர் கோப்பு உருவாகும்படி வைத்துவிட்டு வந்தோம். அடுத்த முறை விழுந்ததும் கோப்பை எடுத்து வந்து வண்ணாரப்பேட்டையில் எங்கள் அறையில் நிதானமாகத் திறந்தோம். மாதத்தில் 31 நாளுக்கு மேல் ஒரு மொத்தக் கணக்கு வரியும் சேரும் என்பதை எண்ணாமல் வைத்த அணி. இதில் லைப்ரரிக்கோ டெர்மினலுக்கோ சம்பந்தமே இல்லை.

விழுந்த பிறகு டெர்மினல் அலங்கோலமாக நிற்கும், தட்டுவது தெரியாது. ரீசெட் என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டர் தட்டச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், பாதி போன் அழைப்பு குறையும்.

ஜிடிபியை வைத்துத் திரைக் கோணலைத் தேடுவதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லைப்ரரியின் உள்கட்டமைப்புகளில் செல் செல்லாகப் போய்ப் பார்க்க முடியும்தான். அதற்குப் பொறுமை வேறு வேண்டும், அதன் மூல நிரலும் தெரிந்திருக்க வேண்டும்.

எஸ்ட்ரேஸ்

எனக்கு மிகப் பிடித்த கருவி. புரோகிராமுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் உள்ள கம்பியில் எந்தப் பைட் போகிறது, எந்தப் பைட் வருகிறது என்று பார்க்கும். புரோகிராமை மாற்ற வேண்டாம், மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம். ரீட், ரைட் இரண்டு அழைப்புகளை மட்டும் வடிகட்டி, சரங்களின் நீளத்தை இருநூறு எழுத்தாவது காட்டச் சொல்லி, வெளியீட்டை ஒரு கோப்புக்கு அனுப்புங்கள். கோப்புக்கு அனுப்பாவிட்டால் அதுவும் பில் திரை மேலேயே கொட்டும்.

எஃப்2 புகார் வந்தபோது அலுவலகத்தில் இருக்கும் தம்பி சொன்னது இது:

"இன்னா சார், எஃப் டூ அமுக்குனா ரேட்டு கட்டத்துல பன்னண்டு வந்து குந்திக்குது. எஃப் த்ரீ அமுக்குனா பதிமூணு. எஃப் ஃபைவ் மட்டும் கரெக்டா வேலை செய்து."

பன்னிரண்டும் பதிமூன்றும் என்று அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. எஸ்ட்ரேஸ் அதை உறுதி செய்தது. எஃப்2 தட்டினால் கம்பியில் வருவது: எஸ்கேப், சதுர அடைப்பு, 1, 2, அலைக்குறி. என்கர்சஸ் பைட் பைட்டாகப் படிப்பதால் ஐந்து ரீட் வரிகளாக அழகாக வரிசையில் தெரியும். ஆனால் டெர்மினலின் பெயர் எக்ஸ்டெர்ம் என்று, அதாவது லினக்ஸ் உலகில் வழக்கமான இன்னொரு டெர்மினலின் பெயராக, இருக்கிறது. எக்ஸ்டெர்மின் விவரக் குறிப்பில் எஃப்2 என்றால் எஸ்கேப், ஓ, க்யூ. புட்டியோ இயல்பு நிலையில் எஃப்1 முதல் எஃப்4 வரை பழைய பாணிக் குறிகளை அனுப்பும், தன் பெயரை மட்டும் எக்ஸ்டெர்ம் என்று சொல்லிக்கொள்ளும். எஃப்5 முதல் இரண்டும் ஒத்துப்போவதால் அது வேலை செய்கிறது. பொருந்தாத குறி வந்ததும் லைப்ரரி அதைத் தனித்தனி எழுத்தாக மேலே தள்ளிவிடும். எங்கள் புரோகிராமில் எஸ்கேப் என்றால் கட்டத்தைக் காலி செய், எண் அல்லாதவற்றை ஒதுக்கு. மிச்சம் இருப்பது 12. வஞ்சிரம் கிலோ பன்னிரண்டு ரூபாய் என்று ஒரு பில் போயிருந்தால் கடைக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவே வேண்டாம்.

புட்டியின் விசைப்பலகை அமைப்பில் எக்ஸ்டெர்ம் ஆர்6 என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, டெர்மினல் பெயரை புட்டி என்று மாற்றினாலும் சரி, பிரச்சினை தீரும். இன்ஃபோசிஎம்பி கட்டளை லைப்ரரி எதை எதிர்பார்க்கிறது என்று காட்டும், எஸ்ட்ரேஸ் எது வருகிறது என்று காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விசைக் கோளாறுகளில் பெரும்பான்மை முடிந்துவிடும். ட்ரேஸ் வசதி தேவையே இல்லை.

மோசமான மொபைல் டேட்டாவில் அம்பு விசைகள் எப்போதாவது எஸ்கேப் ஆக மாறுவது இன்னொரு வகை. எஸ்கேப் பைட் வந்த பிறகு மீதி வர என்கர்சஸ் இயல்பாக 1000 மில்லிசெகண்ட் காத்திருக்கும். எஸ்கேப் விசை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்று அதை 25 ஆகக் குறைத்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இணைப்பு திணறும்போது அந்த இருபத்தைந்து போதாது. எஸ்ட்ரேஸில் நேர இடைவெளியைக் காட்டச் சொன்னால் இரண்டு ரீட்களுக்கு நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று தெரியும்.

இதற்கும் சுடோ தேவைப்படலாம், ஓடும் புரோகிராமோடு ஒட்டினால். ஒரே நேரத்தில் ஜிடிபியும் எஸ்ட்ரேஸும் ஒரே புரோகிராமைப் பிடிக்க முடியாது. ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று.

ஸ்கிரிப்ட்

இதை யாரும் கருவியாகவே மதிப்பதில்லை. டெர்மினலுக்குப் போன பைட்டுகளை எல்லாம் அப்படியே ஒரு கோப்பில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சிறப்பு அனுமதி தேவையில்லை. கடையில் இருப்பவரே ஓட்டிக் கோப்பை அனுப்பிவிடலாம். நேரக் குறிப்பையும் சேர்த்துப் பிடித்தால் ஸ்கிரிப்ட்ரீப்ளே வைத்துப் படம் மாதிரி திரும்ப ஓட்டலாம்.

இதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே கோப்பை புட்டியிலும் எக்ஸ்டெர்மிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். பைட்டுகள் ஒன்றேதான். ஒன்றில் நேராகவும் மற்றதில் கோணலாகவும் வந்தால் குற்றம் டெர்மினல் பக்கம். இரண்டிலும் கோணல் என்றால் நம் பக்கமோ லைப்ரரி பக்கமோ. வேறு எந்தக் கருவியும் இந்தத் தீர்ப்பை இவ்வளவு மலிவாகத் தராது.

கோட்டுக் கோளாறு இதில்தான் பிடிபட்டது. பதிவான கோப்பில் கட்ட மூலைக்கு முன்னால் "இனி வருவது கோட்டு எழுத்துகள்" என்று மாற்றும் குறி, அப்புறம் எல், க்யூ, க்யூ, கே. பழைய விடி100 டெர்மினல்களின் முறை அது. எக்ஸ்டெர்ம் அந்தக் குறியைப் புரிந்துகொண்டு கோடாக வரைந்தது. யூடிஎஃப்-8 நிலையில் இருக்கும் புட்டி இயல்பாக அதைக் கண்டுகொள்ளாது, எழுத்துகளையே காட்டும். புதிய புட்டியில் அதற்கென்று ஒரு தேர்வு வந்துவிட்டது. பழையதை வைத்திருந்தால், விடி100 கோடுகள் வேண்டாம், யூனிகோட் கோடுகளையே பயன்படுத்து என்று என்கர்சஸிடம் சொல்லும் சூழல் மாறி (புரோகிராமை ஓட்டும் முன் வெளியே வைக்கும் அமைப்பு) ஒன்று இருக்கிறது, அதை 1 ஆக வைத்தால் சரி.

என்கர்சஸ் ட்ரேஸ்

மேலே சொன்ன நான்கும் லைப்ரரிக்கு வெளியே நிற்பவை. உள்ளே நின்று பார்ப்பது இது ஒன்றுதான். எந்த அழைப்பு வந்தது, லைப்ரரி தன் கணக்கில் கர்சரை எங்கே வைத்திருக்கிறது, எந்த வரியை ஏன் மறுபடி வரைந்தது என்று எல்லாவற்றையும் நடப்புக் கோப்புறையில் ட்ரேஸ் என்ற பெயரில் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். யூனிக்ஸ் சிஸ்டம் ஐந்தின் கர்சஸில் ட்ரேஸ்ஆன், ட்ரேஸ்ஆஃப் என்று வெறும் இரண்டு சுவிட்சுகள் இருந்தன. என்கர்சஸில் எதை எழுத வேண்டும் என்று எண்ணால் தேர்ந்தெடுக்கலாம். 31 என்றால் வழக்கமான வெளியீட்டு விவரங்கள்: திரைப் புதுப்பிப்பு, கர்சர் நகர்வு, அனுப்பிய குறிகள். 32 சேர்த்தால் எல்லா அழைப்புகளும். 128 உள்ளே வரும் விசைகள். 8191 என்றால் எல்லாம்.

புரோகிராமுக்குள்ளிருந்து ட்ரேஸ் அழைப்பால் இதை முடுக்கலாம். புதிய பதிப்புகளில் பெயர் கர்சஸ்_ட்ரேஸ், ட்ரேஸ் என்ற வெறும் பெயர் மற்றவற்றோடு மோதியதால். புரோகிராமைத் தொடாமல் செய்வதென்றால் என்கர்சஸ்_ட்ரேஸ் என்ற சூழல் மாறியில் எண்ணை வைத்துவிட்டு ஓட்டுங்கள். திரையைத் துவக்கும்போதே லைப்ரரி அதைப் பார்த்துக்கொள்ளும். இன்னொரு நல்ல விஷயம், _ட்ரேஸ்எஃப் என்ற அழைப்பு. பிரிண்ட்எஃப் மாதிரியே எழுதலாம், அந்த வரி லைப்ரரியின் வரிகளுக்கு நடுவிலேயே சரியான இடத்தில் போய் உட்காரும். "இப்போது சீலா வரியைப் புதுப்பிக்கிறேன்" என்று நாம் எழுதிய வரிக்கு அடுத்து லைப்ரரி என்ன செய்தது என்பது உடனே தெரியும். லாக் ஃபைலும் எஸ்ட்ரேஸும் தனித்தனிக் கோப்பாக இருந்தால் இந்த ஒட்டு கிடைக்காது.

சரி, இவ்வளவு நல்லது என்றால் ஏன் முதலில் எடுக்கக் கூடாது? ஏனென்றால் பெரும்பாலும் அது உங்களிடம் இருக்காது. உபுண்டுவோடு சாதாரணமாக வரும் என்கர்சஸில் இந்த வசதி சேர்க்கப்பட்டிருக்காது. சூழல் மாறியை வைத்தாலும் கோப்பு வராது, பிழைச் செய்தியும் வராது. பலர் இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். மூல நிரலை எடுத்து நாமே கட்ட வேண்டும். கோளாறு தேடுவதற்கான டீபக் வகை லைப்ரரியில், அதாவது பெயரின் கடைசியில் _ஜி வரும் வகையில், இது இயல்பாகவே உண்டு. கான்ஃபிகர் செய்யும்போது வித்-ட்ரேஸ் என்று கொடுத்தால் எல்லா வகையிலும் சேரும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், ஏற்கெனவே கட்டிய புரோகிராமுக்கு அடியில் லைப்ரரியை மட்டும் மாற்றி வைக்கலாம் என்பதால்.

அப்படி மாற்றும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. பகிர்வு லைப்ரரியாகக் கட்ட வேண்டும். அகல எழுத்து வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் வரவே வராது. டெபியன், உபுண்டு இரண்டும் டெர்மினல் விவரப் பகுதியை டின்ஃபோ என்று தனி லைப்ரரியாகப் பிரித்து வைத்திருப்பதால் நாமும் வித்-டெர்ம்லிப் என்று அதே மாதிரி பிரிக்க வேண்டும். பதிப்புத் தகவல் இல்லை என்று எச்சரிக்கை வந்தால், குறிகளுக்குப் பதிப்பு போடும் தேர்வையும் சேர்க்க வேண்டும். உங்கள் ஹோம் கோப்புறைக்குள் நிறுவி, எல்டி லைப்ரரி பாத் மாறியால் அந்தப் பக்கம் காட்டினால் போதும், கணினியில் இருக்கும் லைப்ரரியைத் தொடாதீர்கள். டெர்மினலைத் திறக்க முடியவில்லை என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். நம் லைப்ரரி விவரக் கோப்புகளை வேறு இடத்தில் தேடுகிறது. டெர்மின்ஃபோ டர்ஸ் மாறியில் உபுண்டுவின் கோப்புறைகளைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு தடவை கட்டிவிட்டால் அப்புறம் வருஷக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் தேவை வரும்போது கட்டலாம் என்று தள்ளிப் போடாமல், என்கர்சஸ் வேலை செய்பவர்கள் தங்கள் கணினியில் இப்போதே கட்டி வைக்க வேண்டும் என்பேன்.

கோப்பைப் படிப்பது தனி வித்தை. ஒவ்வொரு அழைப்பும் தொடங்கும் இடத்தில் ஓர் அடைப்பு திறக்கும், முடியும் இடத்தில் மூடும், உள்ளே போகப் போகக் கூட்டல் குறிகளால் தள்ளி எழுதியிருக்கும். ஜன்னல்களின் பெயர் இருக்காது, நினைவக முகவரிகள்தான். இதற்காகவே மூல நிரலோடு ட்ரேஸ்மன்ச் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்று வருகிறது. அது முகவரிகளைப் பெயராக்கி, திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கித் தரும். 8191 போட்டால் கோப்பு கிடுகிடுவென்று பெருத்துவிடும், புரோகிராமும் இழுக்கும். வேகத்தோடு சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் ட்ரேஸ் போட்டதாலேயே அது மறைந்துபோகலாம். அதனால் முதலில் 31, போதவில்லை என்றால் 63, அதற்கும் மேல் அவசியம் இருந்தால் மட்டும்.

நேராகாமல் நின்ற மிச்ச வரிகளுக்கு இதுதான் வழி காட்டியது. பில் முதலில் வரையும்போது சரியாக இருக்கும். ஒரு வரியில் எடையைத் திருத்தினால் அந்த வரியின் எண்கள் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். எல்லா டெர்மினலிலும் அல்ல, ஒன்றில் மட்டும். லாக் ஃபைலில் நம் கணக்கு சரி. எஸ்ட்ரேஸில் பைட்டுகள் தெரிகின்றன, ஆனால் அவை சரியா தவறா என்று சொல்ல லைப்ரரியின் நினைப்பு தெரிய வேண்டும். ட்ரேஸில் கர்சர் நகர்வு வரிகளைப் பார்த்ததும் புரிந்தது. எண்ணைத் திருத்தும் இடத்துக்குப் போக லைப்ரரி முழு முகவரி சொல்லவில்லை. ஏற்கெனவே தான் நிற்கும் கட்டத்திலிருந்து இத்தனை கட்டம் தள்ளிப் போ என்று சிக்கனமான குறியை அனுப்பியது. அதன் கணக்கில் மீன் பெயர் 7 கட்டம். அந்த டெர்மினல் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரைந்து 6 கட்டத்தில் முடித்திருந்தது. இருவரும் ஒரே கட்டத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு வேறு வேறு கட்டத்தில் நின்றார்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு பிடியும் இந்த வசதியோடு வருகிறது. கர்சர் நகர்வுச் சிக்கனம், வரி உருட்டும் சிக்கனம் போன்றவற்றை ஒவ்வொன்றாக அணைக்கும் ஒரு மாறி டீபக் வேலைக்காக வைக்கப்பட்டிருக்கிறது. கர்சர் சிக்கனத்தை அணைத்ததும் கோணல் மறைந்தது. ஆனால் அதை நிரந்தரத் தீர்வாக வைக்கக் கூடாது, அது சோதனைக்கானது. டெர்மினல்களை எல்லாம் நாம் திருத்தப் போவதும் இல்லை. மீன் பெயரை வரியின் கடைசிப் பத்திக்கு மாற்றிவிட்டோம். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால், எந்த டெர்மினல் அதை எத்தனை கட்டத்தில் வரைந்தாலும் விலையும் எடையும் அசையாது. கடைக்காரருக்கு முதலில் பிடிக்கவில்லை, பெயர் முன்னால் வரணும் என்றார். கோணல் திரையையும் நேர்த் திரையையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் சரி என்றார்.

எதை எடுப்பது

விழுந்தால் ஜிடிபி, கோர் கோப்போடு. விசை தவறினால் எஸ்ட்ரேஸ். ஒரு டெர்மினலில் மட்டும் தவறு என்றால் ஸ்கிரிப்ட், அதே கோப்பை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். கணக்கோ தர்க்கமோ தவறு என்று தோன்றினால் லாக் ஃபைல். முதலில் சரியாக வரைந்து, புதுப்பிக்கும்போது கலைந்தால் மட்டும் ட்ரேஸ். அந்த ஒரு வகைக்கு மற்ற நான்கும் சேர்ந்தாலும் ஈடாகாது, மற்ற வகைகளுக்கு அது தேவையில்லாத பாரம்.

பைத்தான் கர்சஸில் எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். பைத்தான் அடியில் பயன்படுத்துவது அதே என்கர்சஸ் என்பதால், ட்ரேஸ் சேர்த்துக் கட்டிய லைப்ரரியைச் சூழல் மாறியால் காட்டினால் கோப்பு வரும். ஆனால் அங்கே பெரும்பாலான தவறுகள் பைத்தான் பிழைகளாகவே வரும், ரேப்பர் என்ற அழைப்புக்குள் புரோகிராமை ஓட்டினால் விழும்போது டெர்மினலைச் சீர் செய்துவிட்டுப் பிழையைக் காட்டும். லாக்கிங் மாடியூலும் அதுவுமே போதும். விண்டோஸில் கர்சஸின் இன்னொரு வடிவமான பிடிகர்சஸ் வைத்திருப்பவர்களுக்கு ட்ரேஸ்ஆன், ட்ரேஸ்ஆஃப் இருக்கின்றன, அவையும் ட்ரேஸ் என்ற கோப்பில்தான் எழுதும். தேர்வு எண்கள் அங்கே இல்லை.

கடைக் கணினியில் ட்ரேஸ் ஓட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் எண்ணில் கவனமாக இருங்கள். 128 சேர்ந்திருந்தால் தட்டிய ஒவ்வொரு விசையும் கோப்பில் இருக்கும். 32 சேர்ந்திருந்தாலும் விசை படிக்கும் அழைப்பு திருப்பித் தந்த மதிப்புகள் இருக்கும். திரையில் நட்சத்திரமாகத் தெரியும் கடவுச்சொல் இதில் எழுத்து எழுத்தாக நிற்கும். எஸ்ட்ரேஸ் கோப்பும் அப்படித்தான். எங்கள் வழக்கம்: கடையில் 31-ஐத் தாண்டுவதில்லை, கோப்பை எடுத்துக்கொண்டதும் அங்கே அழித்துவிடுகிறோம், விசை சம்பந்தமான சோதனை எல்லாம் பொய்க் கணக்குகள் போட்ட எங்கள் கணினியில்தான்.